கால் சுற்று போதும்

சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பக்கத்து மோட்டாரின் சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சில மோட்டார்கள் தாளம் தப்பாமல் 'டுக்கு டுக்கு' என்று நிற்கும். சில மோட்டார்கள் இருமும், இழுக்கும். அணைந்துவிடக் கூடாதே என்று ஓட்டுபவர் முறுக்கிக்கொண்டே இருப்பார். பச்சை விழுந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அவர் மட்டும் நடுச்சாலையில் கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பார். பின்னால் லாரி.

அதனால்தான் இந்த வாரம் கார்பரேட்டரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். வானொலி அறிவிப்பாளனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எனக்குச் சோறு போடுவது சத்தம்தான். கார்பரேட்டரைச் சரிசெய்வதும் முக்கால்வாசி காது வேலைதான்.

அதுவும் நாம் பினாங்குக்காரர்கள். ஹோண்டா கப் 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் நம் ஊர் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, மெக்கானிக்காக வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர் அவர். 'கப்' என்ற அந்தப் பெயரோடு, சின்னது என்று பொருள்படும் கந்தோனீஸ் 'சாய்' ஒட்டிக்கொண்டதில் பிறந்ததுதான் நம் 'கப்சாய்'. ரப்பர்த் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போன நம் அப்பாக்களையும் தாத்தாக்களையும் சுமந்த வண்டி அது.

என் அப்பாவிடமும் ஓர் இஎக்ஸ்5 இருக்கிறது. தினமும் காலையில் ஆயர் ஈத்தாம் சந்தைக்கு, மாதம் ஒருமுறை பாலம் கடந்து பிறையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் விளக்கில் நின்றால் அணைய ஆரம்பித்தது. ஒரு கடையில் கார்பரேட்டர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. "இனிமே பஸ்லயே போய்க்கறேன்" என்று அப்பா சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். சித்தப்பா வீட்டுக்குப் போவதும் நின்றது. மோட்டாரை விட அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாமல் பட்டறை நடத்தும் ஒரு போர்மன் இருக்கிறார். அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இல்லை. "எல்லாத்துக்கும் கார்பரேட்டர் மேல பழி போடாதீங்க தம்பி. மத்ததைப் பார்த்துட்டு கடைசியா அதைத் தொடணும்" என்றார்.

அவர் பார்த்த வரிசையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏர் ஃபில்டரில் அழுக்கு. அடுத்து ஸ்பார்க் பிளக். வால்வு இடைவெளி. பிறகு கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையம். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சத்தம் சட்டென்று மாறியது. ரப்பர் காய்ந்து, இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. சில வெள்ளி விலையுள்ள வளையம். கார்பரேட்டரை மாற்றியவர்கள் அதை மாற்றவில்லை.

கார்பரேட்டர் செய்வது ஒரே வேலைதான். காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலப்பது. கணக்குப்படி 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறுகலான வழியில் பாயும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவுதான் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிறது. இத்தாலிய அறிஞர் வெஞ்சுரியின் பெயரால் அழைக்கப்படும் விதி இது.

ஆனால் எல்லா வேகத்திலும் பெட்ரோல் ஒரே துளை வழியாக வருவதில்லை. நம் ஊர்ச் சாலைகளை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பினாங்கு ரோடு விளக்கில் நிற்கும்போதும், லிட்டில் இந்தியா நெரிசலில் ஊரும்போதும் வேலை செய்வது பைலட் ஜெட் என்ற சின்னத் துளை. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் மலைச்சாலை ஏறும்போது, பாதி முறுக்கில், ஊசி மேலே எழுந்து வழிவிடுகிறது. 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் முழுதாக முறுக்கிப் போகும்போது மெயின் ஜெட்.

எங்கே திணறுகிறது என்று சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும். வெளியே தெரியும் சின்ன ஸ்க்ரூ, நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் வரும் கலவையை மட்டும்தான் மாற்றும். மலையில் திணறும் வண்டிக்கு அதைத் திருகிப் பயனில்லை.

சரி, திருகும் முறை. ஒரு பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லும். கார்பரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று ஐட்லிங் வேகத்துக்கு, மற்றது கலவைக்கு. முதலில் ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு கலவை ஸ்க்ரூவை மெதுவாகக் கால் சுற்று திருப்புங்கள். கையை எடுங்கள். ஐந்தாறு விநாடி கேளுங்கள். சத்தம் ஏறினால் அதே பக்கம் இன்னொரு கால் சுற்று. இறங்கினால் திரும்பி வாருங்கள். சத்தம் மிக உயரமாகவும் சீராகவும் இருக்கும் இடமே சரியான இடம். கடைசியில் ஐட்லிங்கைக் குறைத்துவிடுங்கள். இந்த ரக இன்ஜின்களுக்கு நிமிடத்துக்கு சுமார் 1,400 சுற்று.

அந்தக் காலத்து வானொலியில் சிற்றலை நிலையத்தைத் தேடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முள்ளை வேகமாகத் திருப்பினால் நிலையம் தாண்டிப் போய்விடும்.

ஒரு விஷயத்தில் கவனம். கலவை ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு. உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலுக்கு. உள்ளே திருகினால் குறையும். நண்பன் வண்டியில் செய்ததை அப்படியே உங்கள் வண்டியில் செய்தால் தலைகீழாகிவிடும். எந்த ஸ்க்ரூவையும் இறுக்கி முடுக்க வேண்டாம். நுனி கெட்டுவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விடை தெரியும். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. வெளிர் பழுப்பு நிறம் நல்லது.

"எண்ணெய் மிச்சமாகற மாதிரி வெச்சுக் குடுங்க" என்று போர்மனிடம் கேட்பவர்கள் நிறைய. அது வேண்டாம். பெட்ரோல் தேவைக்குக் குறைந்தால் இன்ஜின் சூடேறும், கையை விட்டதும் புகைக்குழாயில் 'பட் பட்' என்று வெடிக்கும். நாளடைவில் வால்வும் பிஸ்டனும் கெடும். சென்னில் மிச்சம் பிடித்து வெள்ளியில் செலவழிப்பது இதுதான்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். கதவடைத்த கராஜிலோ, கம்பிக் கதவு போட்டு மறைத்த அஞ்சடியிலோ வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காதும் மூக்கும் அதைக் கண்டுபிடிக்காது.

இப்போது வரும் புதிய மோட்டார்களில் கலவையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புதிய இருசக்கர வண்டிகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் நம் வீட்டு வாசல்களில் பழைய கப்சாய்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் சத்தத்தைப் படிக்கத் தெரிந்த போர்மன்களுக்கோ வயதாகிறது. உங்கள் தாமானில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கைப்பேசியைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். காது வேண்டும்.