மலைப்பூக்கள் கடலோரத்தில் பூக்குமா?

“நீலகிரி தேயிலைத் தோட்ட வேலையில் ஓய்வு பெற்று, குடும்பத்தோடு மாமல்லபுரம் அருகே வந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அங்கே வாசலில் பூத்துக் குலுங்கிய டேலியா, ஹைட்ரேஞ்சியா, ரோஜா எல்லாம் இங்கே கருகிவிட்டன. 10 சென்ட் இடம் இருக்கிறது. மறுபடியும் ரோஜா வாங்கி வைக்கலாமா?”

– வாசகி, மாமல்லபுரம்.

உடனே செடி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். செடிகள் கருகியதற்குக் கவனிப்புக் குறைவு காரணமல்ல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பகலில் வெயில் அடித்தாலும் இரவில் குளிர்ந்துவிடும். கடலோரத்தில் கோடை இரவும் புழுக்கம்தான். இதோடு உப்புக்காற்றும், ஈரம் தங்காத மணலும் சேர்ந்துகொள்கின்றன. ஹைட்ரேஞ்சியாவுக்குக் குளிர்ச்சியும் புளிப்புத்தன்மையுள்ள மண்ணும் தேவை. சிப்பி கலந்த சுண்ணாம்பு மணல் அதற்கு ஒத்துவராது. அதை விட்டுவிடலாம்.

டேலியாவைக் கைவிட வேண்டியதில்லை. மழை ஓய்ந்ததும் தொட்டியில் வைத்து, மார்கழி, தை மாதங்களில் பூ பார்க்கலாம். மலைப்பூ ஆசைக்கு அது போதும்.

ரோஜா உப்பைத் தாங்காது. எனவே, முதலில் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு ஆலோசனை பெறலாம். நீர் நன்றாக இருந்தால், சமவெளி வெயிலைத் தாங்கும் பன்னீர் ரோஜாவில் நான்கைந்து செடிகள் மட்டும் வைத்துப் பார்க்கலாம். குழியில் மட்கிய தொழுவுரம் நிறைய இட வேண்டும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதாக இருந்தால், நல்ல நீரில் அலசி உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

வருமானத்துக்கு குண்டுமல்லி ஏற்றது. ஊட்டிக் குளிரில் வராத இந்தப் பூ, செங்கல்பட்டுச் செம்மண்ணில் நன்றாக வரும். மணலாக இருந்தால் குழிக்குச் செம்மண் கொண்டுவர வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்தால், மார்ச் முதல் பூ பறிக்கலாம்.

நீர் உப்பாக இருந்தால் அரளிதான் கைகொடுக்கும். ஆனால், அதன் இலையும் தண்டும் நஞ்சு. ஆடு, மாடு எட்டாத இடத்தில் நட வேண்டும். எந்தப் பூ வைத்தாலும், கடல் பக்கம் ஒரு வரிசை சவுக்கு இருந்தால் உப்புக்காற்றின் வேகம் குறையும்.