எதையும் தாங்காத தூண்

மாமா சென்னையில் புது ஃபிளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்குப் போனால், ஹால் ஓரமாக ஒரு செட்டிநாட்டுத் தேக்குத் தூண்! காரைக்குடியில் பழைய சாமான் கடையில் பிடித்ததாம். எல்லாரும் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்தோம். பாட்டி மட்டும் அதைத் தடவிப் பார்த்துட்டு, "இது எந்த வீட்டைத் தாங்கிட்டு இருந்துச்சோ!" என்றார்.

சிவில் படிக்கிற எனக்கு அப்பதான் உறைச்சுது. அந்தத் தூண் இங்கே ஒரு கிலோ லோடுகூடத் தாங்கவில்லை. அது தாங்கிய வீடு எங்கேயோ பிரிக்கப்பட்டுவிட்டது.

ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர், பராமரிக்க ஆளில்லை. அதனால் கதவு, தூண், நிலை என்று தனித்தனியாக விலை போகிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் இவை!

"இடிஞ்ச வீட்டுத் தூண் விறகாப் போறதுக்கு ஹாலுக்கு வரலாமே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனா, வாங்க ஆள் கூடக்கூட, நிற்கிற வீட்டையும் பிரிக்கலாம்னு ஆசை வருமே.

அப்போ பழமையே வேண்டாமா? வேணும் நண்பர்களே. பொருளைப் பிடுங்காமல், அது செஞ்ச வேலையை எடுத்துக்குவோம். முற்றம் வெளிச்சம் தந்தது, சூடான காற்றை மேலே அனுப்பியது. ஃபிளாட்டில் முற்றம் கிடைக்காது; எதிரெதிர் ஜன்னலை அலமாரி வைத்து அடைக்காமல் இருக்கலாம், உயரத்தில் வென்டிலேட்டர் விடலாம்.

தரைக்கு ஆத்தங்குடி கல் போடுங்க. சிமென்ட், மணல், ஆக்சைடு கலர். கண்ணாடி மேல் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. புழங்கப் புழங்க மினுமினுப்பு ஏறும். முக்கியமா, இது இன்னிக்கும் புதுசா செய்யுற பொருள். நீங்க கொடுக்கிற காசு ஒரு வீட்டை உடைக்காது, ஒரு கைத்தொழிலை நிறுத்தி வைக்கும்.

நாளைக்கு கிளையன்ட் யாராவது "பழைய தூண் ஒண்ணு வேணும்"னு கேட்டா, பாட்டி கேட்ட கேள்வியை நீங்களும் ஒரு தடவை கேளுங்க. பதில் தெரியலைன்னா, அந்த இடத்துல ஒரு ஊஞ்சல் மாட்டிக் கொடுங்க. அதுல உட்காரவாவது செய்யலாம்!