விற்ற வண்டியைத் தேடி அலைகிறார்கள்!

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். இளமையில் பழைய வேன் வைத்திருந்தவர்கள், குழந்தை குட்டி ஆனதும் அதை விற்றுவிட்டார்கள். தலை நரைத்த பிறகு அதே மாதிரி வேனைத் தேடி அலைகிறார்கள். விற்ற விலையைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள்!

அப்படி என்ன வண்டி அது?

வோக்ஸ்வாகன் வேன். 1947-ம் ஆண்டில் பென் பான் என்ற ஹாலந்து வியாபாரி, பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல ஒரு படம் கிறுக்கினார். அதுதான் ஆரம்பம். 1950-ல் ஜெர்மனியில் வண்டி வெளிவந்தது. மறு ஆண்டே வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி, அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து, நடமாடும் வீடாக மாற்றியது.

சின்னஞ்சிறு வீடுதான். பகலில் ஆசனம், இரவில் அதுவே கட்டில். புருஷன் எழுந்து படுக்கையை மடக்கினால்தான் மனைவிக்கு நிற்க இடம்!

இஞ்சின் பின்புறம் இருக்கிறது. அதைக் காற்றே குளிர வைக்கிறது. முதலில் வந்த வண்டிகளுக்கு 25 குதிரைச் சக்திதான். மேடு வந்தால் திணறும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

"இவ்வளவு தொல்லை தெரிந்தும் மறுபடி வாங்குவானேன்?" என்று கேட்கலாம்.

தொல்லை தெரிந்தவர்தான் வாங்கவேண்டும். முதல் தடவை வாங்குகிறவர் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்குவார். இரண்டாம் தடவை வாங்குகிறவர் தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். குளிர் நாடுகளில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு தகரத்தைத் தின்றுவிடும். மேலே புதுப் பெயின்ட், கீழே ஓட்டை!

பெட்ரோல் போகும் ரப்பர் குழாயையும் பார்க்கவேண்டும். அது வெடித்தால் பெட்ரோல் கசிந்து சூடான இஞ்சின்மீது விழும், தீப்பிடிக்கும். இஞ்சின் பின்னால் இருப்பதால், முன்னால் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது. உள்ளே குடும்பமே இருக்கிறது! குழாய் விலை அதிகமில்லை. வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும்.

வேகமும் கூடாது. ஓட்டுகிறவர் காலுக்கு முன்னால் இருப்பது வெறும் தகரம். பிரேசில் நாட்டில் இந்த வேனை 2013 வரை செய்தார்கள். விபத்தில் ஆளைக் காக்கும் காற்றுப்பை வேண்டும் என்று சட்டம் வந்தது. அதோடு நிறுத்திவிட்டார்கள்.

புதிது வராததால் பழையதற்குக் கிராக்கி. 2011-ல் அமெரிக்காவில், 1963-ம் ஆண்டு வண்டி ஒன்று 2 லட்சம் டாலருக்குமேல் ஏலம் போயிற்று. இங்கேதான் கோளாறு. பணக்காரர்கள் வாங்கி, ஷெட்டில் பூட்டி, தினமும் துடைத்து அழகு பார்க்கிறார்கள். குழந்தைகளோடு கடற்கரைக்குப் போக ஆசைப்படும் சாதாரணக் குடும்பத்துக்கு வண்டி எட்டாமல் போகிறது.

அன்று வண்டியை விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. தொட்டில் வாங்கப் பணம் வேண்டியிருந்தது; விற்றார்கள். இன்று பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மறுபடி வாங்குகிறார்கள். தாராளமாக வாங்கட்டும். ஆனால் வாங்கியதை ஓட்டட்டும்! பூட்டி வைத்து அழகு பார்க்க விரும்புகிறவர்கள், வண்டியின் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாமே. செலவும் குறைவு!