கருவி எவருடையது?

உளி பிறன் வீட்டில் பூட்டிக் கிடக்குமாயின், சிற்பியின் கைத்திறத்தால் ஆவதென்ன? இவ்வினா கல்தச்சர்க்கு மட்டும் உரியதன்று. மின்சுற்றுப் பலகை வரையும் பொறிஞர்க்கும் உரியதே.

வானொலிப் பெட்டி முதல் மருத்துவக் கருவி வரை, எதனைத் திறப்பினும் உள்ளே தகடொன்று இருக்கும். அதன்மேல் ஓடும் மெல்லிய செப்புத் தடங்களே உறுப்புகளை இணைக்கின்றன. சுற்றின் படத்தை வரைதல், உறுப்புகளைத் தகட்டில் இருத்துதல், தடம் இடுதல், பிழை தேர்தல், தொழிற்சாலைக்குரிய கெர்பர் கோப்புகளை எழுதித் தருதல் என்னும் ஐந்து பணிகளும் இன்று மென்பொருளின் துணையாலேயே நடைபெறுகின்றன. அத்தகைய மென்பொருள்களுள் மூன்றினை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

ஆத்திரேலியாவின் தாசுமேனியத் தீவில் 1985-இல் புரோட்டெல் என்னும் பெயரால் தோன்றி, 2001-இல் ஆல்ட்டியம் எனப் பெயர் மாறி, 2024-இல் சப்பானிய நிறுவனமாகிய இரெனேசாசின் கைக்குப் போனது ஒன்று. செருமனியில் 1988-இல் பிறந்த ஈகிள் மற்றொன்று. பிரெஞ்சு நாட்டின் கிரெனோபிள் நகரத்துக் கல்வியாளர் ழான் பியேர் சரா 1992-இல் தொடங்கிய கீகேட் மூன்றாவது.

ஆற்றலை மட்டும் நிறுப்பின் ஆல்ட்டியமே முன்னிற்கும். மிகு விரைவுக் குறிகைகளைச் செலுத்தும் பலகைகளுக்கும், மடங்கும் பலகைகளுக்கும், பலர் கூடிச் செய்யும் பெருவேலைகட்கும் அது நிறைவான கருவி. இதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் அதன் விலை சிறு பட்டறைக்கு எட்டாதது. அது விண்டோசு ஒன்றில் மட்டுமே இயங்குவது.

ஈகிளின் கதையோ பாடமாகக் கொள்ளத்தக்கது. ஆங்கிலத்தில் கழுகெனப் பொருள்படும் அப்பெயர், எளிதிற் கையாளத்தக்கது என்னும் பொருளுடைய செருமானியத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. பெயருக்கேற்ப எளிதாயிருந்தமையின், சிறு தொழிலரும் மாணவரும் அதனைக் கைக்கொண்டனர். 2016-இல் அமெரிக்க நிறுவனமாகிய ஆட்டோடெசுக்கு அதனை வாங்கிற்று. 2017-இல், ஒருமுறை விலைகொடுத்து உரிமையாக்கும் முறையை நீக்கி, திங்கட்கூலியோ ஆண்டுக்கூலியோ கட்டும் முறையைப் புகுத்திற்று. விலையின்றித் தந்த பதிப்பிலோ இரண்டே செப்புப் படலங்கள். பலகையின் பரப்பும் 80 சதுர செண்டிமீட்டரே. 2023-இல், ஈகிளின் விற்பனையும் துணையும் 2026 சூன் 7-உடன் முடியும் என அறிவித்து, பியூசன் என்னும் தன் வேறொரு மென்பொருளுக்கு வருமாறு அழைத்தது. பல்லாண்டு உழைத்துப் படம் வரைந்தவர் செய்த பிழை யாது? கருவியைக் கூலிக்குப் பெற்றதன்றிப் பிறிதில்லை.

கீகேட் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அதன் நிரல் அனைவர்க்கும் திறந்திருப்பது, விலையில்லாதது, பலகையின் பரப்புக்குத் தடைக்கோடு இடாதது, 32 செப்புப் படலங்கள் வரை வரைய இடந்தருவது. விலையில்லாப் பொருள் மட்டமானதே என்று இகழ்வார் உளர். தொடக்கத்தில் அது கரடுமுரடாயிருந்தது மெய்யே. தானே தடமிடும் பணிக்கு இன்றும் புறக்கருவி ஒன்றின் துணை வேண்டியிருத்தலும் மெய்யே. ஆயின், அணுத்துகள் ஆய்வுக்குப் பெயர்பெற்ற செனீவாவின் செர்ன் நிறுவனம் 2013 முதல் அதன் வளர்ச்சிக்குத் தோள்கொடுத்தது. ஒரு தடத்தை இழுக்கும்போது அண்டைத் தடங்கள் தாமே விலகி வழிவிடும் திறன் அவ்வுழைப்பின் பயனே. செர்ன் கைவைத்த கருவியை மட்டமென்பது எங்ஙனம் பொருந்தும்?

இன்னுமொன்று நோக்குக. 2018-இல் வந்த கீகேட் 5-ஆம் பதிப்பு ஈகிளின் கோப்புகளைப் படிக்கக் கற்றது. ஈகிள் தன் பிற்காலக் கோப்புகளை எவரும் படிக்கத்தக்க வெற்றெழுத்து வடிவில் எழுதியமையாலேயே அஃது எளிதாயிற்று. உரிமையாளர் கைவிட்டனர், திறந்த எழுத்தே உழைப்பைக் காத்தது.

எனவே, கருவியைத் தேர்வார் முதலிற் கேட்கத்தக்க வினா, அஃது என்னென்ன செய்யும் என்பதன்று. அதனை விற்றவன் நாளை கதவடைப்பின் தன் வரைபடம் தன் கையில் இருக்குமா என்பதே. திறந்த நிரலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதன் பட்டியலையும் கட்டளைகளையும் எம்மொழியினரும் எவரையும் கேளாது தம் மொழியில் ஆக்கிக்கொள்ளலாம். பூட்டிய கருவியிலோ உரிமையாளன் இட்ட மொழியே மொழி.

பெருந்தொழிற்சாலைகள் விலைகொடுத்து வாங்கட்டும். கற்கும் இளைஞரும் சிறு பட்டறையாளரும் தமக்கே உரிமையான உளியால் செதுக்கப் பழகுக!