மூதேவி கையில் துடைப்பம்

என் அம்மா தூய்மைப் பணியாளர். விடிவதற்கு முன்பே துடைப்பத்தோடு தெருவில் இறங்கிவிடுவார். ஒருநாள் வீட்டுக்குள்ளிருந்து காரை வெளியே எடுத்த ஒருவர், எதிரே நின்ற அம்மாவைப் பார்த்து, "நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போதுதான் மூதேவி மாதிரி வந்து நிக்கணுமா?" என்று கேட்டார். அம்மா ஒதுங்கி நின்றார். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யார் இந்த மூதேவி? மூத்த தேவி, அவ்வளவுதான். தவ்வை என்றால் அக்காள். வள்ளுவர் இந்தப் பெயரைச் சொல்கிறார். வடமொழியில் ஜேஷ்டா, தமிழில் சேட்டை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், 8ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய அவள் சிற்பம் இருக்கிறது. பெருத்த வயிறு, கனத்த மார்பு. காக்கைக் கொடி, காளை முகத்தோடு ஒரு மகன், பக்கத்தில் ஒரு மகள் - இவைதான் அவளுடைய அடையாளங்கள். பல சிற்பங்களில் துடைப்பமும் கழுதையும்கூட உண்டு.

அன்று அவள் வசைச்சொல் அல்ல. 773இல் திருப்பரங்குன்றத்தில் பாண்டிய அமைச்சர் சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. சேட்டையிடம் போய்ச் செல்வம் கேட்கிறார்களே என்று தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் அலுத்துக்கொள்கிறார். கேட்பதற்கு ஆள் இருந்ததால்தானே அலுப்பு?

அவளை எப்படிக் கீழே தள்ளினார்கள் என்பதைப் புராணத்திலேயே பார்க்கலாம். பாற்கடலைக் கடைந்தபோது அக்காள் முதலில் வந்தாள், தங்கை லட்சுமி பின்னால் வந்தாள். மூத்தவள் இருக்க இளையவளைக் கட்டக்கூடாது என்று அக்காளை உத்தாலக முனிவருக்குக் கட்டிவைத்தார்களாம். ஆசிரமத்துக்குப் போனால் வேத ஒலியையும் வேள்விப் புகையையும் அவளால் தாங்க முடியவில்லையாம். இது பத்ம புராணக் கதை. வேதம் ஒலிக்கும் வீட்டில் அவளுக்கு இடமில்லை என்கிறது லிங்க புராணமும்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் அவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். கேட்கக்கூடாது என்று விரட்டியது ஒரு கை. கேட்கப் பிடிக்காமல் ஓடியவள் என்று கதை எழுதியது இன்னொரு கை. இரண்டு கையும் ஒரே உடம்பில் இருப்பவைதான்.

அவளிடம் இருக்கும் பொருட்களையும் பாருங்கள். துடைப்பம் தெருக் கூட்டுகிறவர் கையில் இருப்பது. கழுதை துணி வெளுத்தவர் வீட்டில் நின்றது. ஊரைச் சுத்தமாக வைத்தவர்களின் கருவியும் கால்நடையும் தரித்திரத்தின் சின்னமாயின. அழுக்கே தொடாதவள் கையில் தாமரை கொடுத்து, அவளைச் சீதேவி ஆக்கினார்கள். மங்கலம், அமங்கலம் என்பது அழகைப் பற்றிய பேச்சே அல்ல. உழைப்பை யார் தலையில் கட்டுவது என்பதைப் பற்றிய பேச்சு.

இதை எழுதும்போதே ஒரு பதில் வரும் என்று தெரியும். இப்போது ரீல்ஸ்களில் பார்க்கிறோமே: "தவ்வைதான் நம் ஆதித் தாய், மறைக்கப்பட்ட தமிழ்த் தெய்வம், அவளை மீட்போம்." நண்பர்களே, மன்னிக்கவும், எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளுக்குக் கோயில் எடுத்தது அமைச்சர் வீட்டுப் பெண். அவளைச் செதுக்கிய அரசர்கள்தான் பார்ப்பனர்களுக்குப் பிரமதேயம் என்று ஊர் ஊராக எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்குப் பூசை நடந்த காலத்திலும் சேரி ஊருக்கு வெளியேதான் இருந்தது. சிலையைத் தூசி தட்டி மறுபடி மாடத்தில் வைத்தால், கடைசியில் இன்னொரு கருவறை கிடைக்கும், அதற்குள் இன்னொரு பூசாரி நிற்பார். அம்மாவின் கையில் துடைப்பம் அப்படியே இருக்கும்.

ஜோதிராவ் பூலே 1873இல் "குலாம்கிரி"யில் அவதாரக் கதைகளை வென்றவன் எழுதிய வரலாறாகப் படித்துக் காட்டினார். தெய்வங்களை மாற்றிக் கும்பிடுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. அடிமைத்தனம் எப்படிப் புனிதமாக்கப்பட்டது என்று காட்டவே செய்தார். நாமும் சிலைகளை அப்படித்தான் படிக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் போலீசை வைத்து அப்புறப்படுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். அவர்கள் கேட்டது பூசை அல்ல. பணி நிரந்தரம்.

தவ்வைச் சிலை அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் பார்த்து வரலாறு படிக்கட்டும். நாம் முதலில் அந்தச் சொல்லை நம் வாயிலிருந்து கூட்டித் தள்ளுவோம். வகுப்பில், வீட்டில், சினிமா நகைச்சுவையில் யார் "மூதேவி" என்றாலும், அது யாரைக் குறிக்கிறது என்று அங்கேயே கேட்போம்.

அன்றைக்கு அந்தத் தெருவை யார் கூட்டினார்கள் என்று காரில் போனவர் யோசித்திருக்க மாட்டார். நல்ல காரியத்துக்கு அவர் போன பாதையைச் சுத்தம் செய்தவர் என் அம்மா.