எண் மாறாத சுவிட்ச்

ஓடுகிற காரில் சாவி தானாகத் திரும்பிவிட்டால்? இன்ஜின் அணையும், ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும், மோதினால் ஏர்பேக் விரியாது. ஜெனரல் மோட்டார்ஸின் கோபால்ட் உள்ளிட்ட கார்களில் அமெரிக்காவில் நடந்தது இதுதான்.

கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடியோ போதும். இக்னிஷன் சுவிட்சுக்குள் சாவியை ‘ஆன்’ நிலையில் நிறுத்தும் குட்டி ஸ்பிரிங்குக்கு வலுவில்லை. 2006-இல் நீளமான ஸ்பிரிங் வைக்க நிறுவனப் பொறியாளர் ஒப்புதல் தந்தார். சுவிட்சின் பாக எண்ணோ மாறவில்லை. பிந்தைய கார்களில் மட்டும் கோளாறு ஏன் இல்லை என்று ஆய்ந்தவர்கள் குழம்பினார்கள். ஒரு வழக்கில் வாதித் தரப்புப் பொறியாளர் பழைய சுவிட்சையும் புதியதையும் பிரித்து ஒப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது.

2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றது. எண்ணை மாற்றாததை எழுத்தர் பிழையென்று தள்ள முடியாது. பாகம் மாறினால் எண்ணும் மாறவேண்டும், சட்டமே அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

உங்கள் வண்டி அடிக்கடி அணைந்தால் மெக்கானிக் பெரும்பாலும் பேட்டரியைத்தான் பார்ப்பார். சாவியை லேசாக அசைத்ததும் டாஷ்போர்டு விளக்குகள் மினுங்கினால், முதலில் இக்னிஷன் சுவிட்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டுச் சாவிகளைக் கழற்றி வையுங்கள்.