விழுந்த இடத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

இரண்டாம் உலகப் போரில் விழுந்த விமானங்களின் இடம் தேடி அயல்நாட்டுக் குடும்பங்கள் அருணாசல மலைகளுக்கு வந்ததைச் செய்திகளில் படித்திருப்போம். படித்ததும் எழும் கேள்வி நியாயமானதுதான்: இத்தனை காலம் கழித்து அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறார்கள்? துருப்பிடித்த தகரத்தையா?

இந்தக் கேள்விக்குள் விழுந்த இடம், உடல், பெயர் என்று மூன்று சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் அந்தப் பயணத்தின் பொருள் விளங்கும். நம் காரைக்காலுக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவர்களில் உடல் கிடைக்காதவர்களும் உண்டு. கரையோரக் குடும்பங்கள் ஆண்டுதோறும் அன்று கடலில் பாலூற்றிப் பூப்போடுகின்றன. உடல் இல்லாத துக்கத்துக்கு ஓர் இடமாவது வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். போர் நம் கடலுக்கும் வந்தது. 1940 செப்டம்பரிலேயே பிரெஞ்சிந்திய ஆளுநர் லூயி பொன்வேன், நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டதால், காரைக்காலும் நேச நாடுகளின் அணியில் இருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா கடல்விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு தகவல் அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அது காரைக்காலிலிருந்து கடல்வழியே நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அன்று கொழும்பிலிருந்து போன பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்பது, ஜப்பானியக் கப்பல்களை எட்டித் தாக்கின. ஐந்து திரும்பவில்லை.

அந்தக் கட்டலினாவில் இருந்தவர்கள் ஒன்பது பேர். மூவர் மாண்டனர். விமானத் தலைவர் லியோனார்ட் பர்ச்சால் உட்பட அறுவர் சிறைபிடிக்கப்பட்டு, போர் முடிந்த பிறகே விடுதலையானார்கள். அதாவது, திரும்பி வராத விமானத்திலிருந்தும் சிலர் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள். ‘காணவில்லை’ என்ற தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் பல ஆண்டுகள் வாசலைப் பார்த்திருந்தால், அதைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. விழுந்த இடம் தெரிந்து, அங்கே எஞ்சியிருப்பது என்ன என்று தெரியும்வரை அந்தக் காத்திருப்புக்கு முடிவில்லை. இடம் தருவது இந்த முடிவைத்தான்.

அடுத்தது உடல். இதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். மாண்ட நாட்டிலேயே அடக்கம் செய்வது பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகளும் முதல் உலகப் போரிலிருந்து கடைப்பிடித்த முறை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்க்கல்லறை அப்படி வந்ததுதான். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல். அமெரிக்கா, குடும்பம் விரும்பினால் உடலை ஊருக்குக் கொண்டுவரும். பிரான்சும் 1920-இல் அந்த உரிமையைக் குடும்பங்களுக்குத் தந்தது. 1921-இல் இன்னொரு சட்டம் இயற்றி, போரில் மாண்டவரின் கல்லறைக்கு நெருங்கிய உறவினர் ஆண்டுக்கு ஒருமுறை அரசுச் செலவில் ரயிலில் போய்வர வழிசெய்தது. போய்ப் பார்ப்பது குடும்பத்தின் உரிமை என்று ஓர் அரசு நூறாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது பெயர். கடலில் விழுந்தவருக்குக் கல்லறை இல்லை. சுவரில் பெயர் மட்டும் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவகத்தின் கூரை விமான இறக்கை வடிவில் இருக்கும். அதன் கீழுள்ள தூண்களில், கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம் ஆசியக் கடல்களில் மறைந்த விமானப்படையினரும் அதில் அடக்கம்.

இந்த மூன்றும் ஒரே குடும்பத்துக்கு வந்துசேர எவ்வளவு காலமாகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குக் கிளம்பிய அமெரிக்க பி-24 விமானம் ஒன்று எட்டுப் பேருடன் காணாமல் போனது. 2006-இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் அருணாசலத்தின் தாம்ரோ அருகே அதன் சிதைவைக் கண்டார். இடம் தெரிய 62 ஆண்டுகள். உறவினர்கள் இரு அரசுகளிடமும் விடாமல் முறையிட்டார்கள். அவர்களில் ஒருவர் தாம்ரோ வரை நேரில் வந்தார். 2015-இல்தான் அகழ்வுக் குழு முறையாக வேலை செய்ய முடிந்தது. கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் தில்லியிலிருந்து மரியாதையுடன் அனுப்பப்பட்டன. அந்த எட்டுப் பேரில் ஒருவரான லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டின் எச்சங்கள் அவற்றில் உண்டு என்று உறுதியாகி, அவர் 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் சொந்த ஊரில் அடக்கமானார்.

உறுதிசெய்வது எப்படி? எஞ்சினில் பொறித்த எண், எந்த விமானம் என்று சொல்லும். விமானம் தெரிந்தால் யார் யார் போனார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். மண்ணைச் சலித்து எடுக்கும் பல்லும் எலும்பும் மரபணுச் சோதனைக்குப் போகும். பழைய எலும்பில் பெரும்பாலும் எஞ்சுவது தாய்வழியில் மட்டும் இறங்கும் மரபணு. அதனால் மாண்டவரின் சகோதரியோ சகோதரியின் பிள்ளைகளோ ரத்த மாதிரி கொடுத்தால் ஒப்பிடலாம். இந்தச் சோதனைக்குச் சொந்த மகன் உதவமாட்டான். குடும்பம் இல்லாமல் ஆய்வகம் மட்டும் பெயரைத் தந்துவிட முடியாது.

சிதைவைத் தொடக்கூடாது என்பதன் காரணமும் இதுதான். எண் பொறித்த ஒரு துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், ஒருவரின் பெயர் அதோடு போய்விடும். பிரிட்டன் 1986-இல் சட்டம் போட்டு, தன் மண்ணிலும் கடலிலும் விழுந்த ராணுவ விமானங்களை அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுத்தது.

இனி நம் கடலுக்கு வருவோம். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேருடன் காணாமல் போனது. அது போர்க்காலம் அல்ல. ஆனால் குடும்பங்களின் நிலை அதேதான். அந்த ஆண்டிலேயே அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் கடிதம் வந்தது. இடம் தெரிந்தது 2024 ஜனவரியில். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்தது.

இத்தனை ஆழத்தில் நீரின் அழுத்தம் கரையில் உள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 340 மடங்கு. முக்குளிப்போர் இறங்க முடியாது. உடலைத் தருவோம் என்று யாரும் எளிதாக வாக்குக் கொடுத்துவிட முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் உடல் தர முடியாததால் எதுவுமே தர முடியாது என்றாகிவிடாது. இடம் இப்போது வரைபடத்தில் இருக்கிறது. விரும்பும் குடும்பங்களை ஜூலை 22 அன்று கடற்படைக் கப்பலிலோ கடலோரக் காவல்படைக் கப்பலிலோ அந்த இடத்துக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு பெயரையும் வாசித்து மலர்வளையம் விடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

காரைக்கால் விசைப்படகுக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. வலையில் விமானத் தகடு போல எதுவும் ஏறினால், இருந்த இடத்தின் ஜிபிஎஸ் அளவைக் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். வெடிபொருளாகவும் இருக்கலாம் என்பதால் தட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் குறிப்பு எங்கோ ஒரு வீட்டின் பல ஆண்டுக் கேள்விக்கு விடையாகலாம்.